மேசை வழக்கு: மேஜிக் அட்டைகள் பற்றி வாசகர் கேள்விகள்

பாடசாலை விடுமுறைக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கதையைத்தான் சொல்கின்றன. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்த மாமா ஒரு பெட்டி நிறைய ‘மேஜிக்: த கேதரிங்’ அட்டைகளைக் கொடுத்து, ஒரு பின்னேரம் உட்கார்ந்து விளையாடவும் காட்டித் தந்திருக்கிறார். அவர் பிளேன் ஏறியதும் வீட்டில் சண்டை.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மட்டக்களப்பு நகரில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் எழுதுவினைஞர். கிழமை நாட்களில் காணி உறுதி, ஞாயிறு பின்னேரம் கல்லடியில் பெடியன்களின் அட்டைத் தகராறு. இரண்டுக்கும் ஒரே கண்தான் தேவை: எழுதியிருப்பதை மட்டும் வாசிக்கிற கண். அட்டையில் உள்ள படத்தைக் காட்டி வழக்குப் பேச வருபவரை நான் கேட்பதே இல்லை. “டிராகன் நெருப்புக் கக்குது அக்கா, அப்ப மரத்தால செஞ்ச சுவர் எரியத்தானே வேணும்?” என்றால், அட்டையில் அப்படி எழுதியிருக்கிறதா என்று மட்டும் திருப்பிக் கேட்பேன்.

விளையாட்டைத் தெரியாமல் வாசிப்பவர்களுக்காக: ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. கிரீச்சர் என்பது உங்களுக்காகச் சண்டை போடும் உயிரினம்; அந்த அட்டையின் கீழ் மூலையில் இரண்டு எண் இருக்கும். 2/2 என்றால் அடிக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2. தாங்கும் பலத்துக்குச் சமமாகச் சேதம் சேர்ந்தால் அது கிரேவ்யார்டுக்கு, அதாவது செத்ததும் வேலை முடிந்ததுமான அட்டைகள் கிடக்கும் குவியலுக்கு, போகும். மற்றதைப் போகிற போக்கில் பார்ப்போம்.

கல்முனை, தரம் 10 மாணவர்:
என்னிடம் 2/2 கிரிஸ்லி பேர்ஸ் இருந்தது. நானா அதன் மேல் லைட்னிங் போல்ட் போட்டார், 3 சேதம். நான் உடனே ஜயன்ட் குரோத் போட்டேன், அது +3/+3. “நான்தானே முதல்ல போட்டேன், உன்ட கரடி செத்துட்டு” என்கிறார் நானா. யார் சரி, அக்கா?

நீங்கள்தான் சரி, தம்பி. நானாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், ஆனால் சத்தம் போடாமல் காட்டுங்கள்.

போட்ட அட்டை அந்த நொடியே வேலை செய்வதில்லை. முதலில் ‘ஸ்டாக்’ என்ற இடத்தில் போய் உட்காரும். எதிரில் இருப்பவருக்குப் பதில் போட ஒரு வாய்ப்பு வரும். அவர் ஏதாவது போட்டால் அது முதல் அட்டைக்கு மேலே ஏறும். இரண்டு பேரும் இனி ஒன்றும் போடவில்லை என்று விட்டபின், மேலே இருப்பதுதான் முதலில் நடக்கும். அது முடிந்ததும் மறுபடி இருவருக்கும் வாய்ப்பு, அப்புறம் அடுத்தது. 1999இல் சிக்ஸ்த் எடிஷன் விதிகளோடு வந்த ஏற்பாடு இது. அதற்கு முந்திய காலத்து விதிகளை நினைத்தால் இன்றைக்கும் சிலருக்குத் தலை சுற்றும்.

உங்கள் வழக்கில் போல்ட் கீழே, குரோத் மேலே. குரோத் முதலில் நடந்து கரடி 5/5 ஆகிறது. பிறகு போல்ட் வந்து 3 சேதம் செய்கிறது. ஐந்தைத் தாங்கும் கரடிக்கு மூன்று போதாது.

கடிதத்தின் பின்பக்கத்தில் நானாவின் மேன்முறையீடும் இருக்கிறது. முறை முடியும்போது குரோத்தின் பலம் போய்விடும், கரடி மறுபடி 2/2 ஆகும், அதன் மேல் 3 சேதம் அப்படியே கிடக்கும், ஆகவே அப்போதாவது சாகத்தானே வேண்டும் என்கிறார். நல்ல கேள்வி. நானாவுக்கு என் கந்தோரில் வேலை கொடுக்கலாம். ஆனால் இதிலும் அவருக்குத் தோல்விதான். முறையின் கடைசியில் வரும் கிளீனப் என்ற கட்டத்தில், கிரீச்சர்கள் மேல் உள்ள சேதம் எல்லாம் அழிவதும் ‘முறை முடியும்வரை’ என்று எழுதிய விளைவுகள் முடிவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒன்று முந்தி, மற்றது பிந்தி என்று இல்லை. கரடி 2/2 ஆகும்போது அதன் மேல் சேதமும் இருக்காது.

இதையே புரட்டிப் பாருங்கள். நீங்கள் ஆசைப்பட்டு முதலில் குரோத்தைப் போட, நானா அதற்குப் பதிலாக போல்ட் போட்டால்? போல்ட் மேலே. வெறும் 2/2 கரடி செத்துவிடும். குரோத்துக்கு டார்கெட், அதாவது அது குறிவைத்த கிரீச்சர், இல்லாமல் போய், அது ஒன்றும் செய்யாமல் கிரேவ்யார்டுக்குப் போகும். அவருடைய ஒரு அட்டைக்கு உங்களுடைய இரண்டு அட்டை. குரோத் கையில் இருந்தால் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

காத்தான்குடி வாசகி:
என் புரோடிகல் சோர்சரரைச் சரித்து (அதன் திறனைப் பாவிக்க அட்டையைப் பக்கவாட்டில் திருப்பி) நண்பியின் கிரீச்சருக்கு 1 சேதம் கொடுக்கப் பார்த்தேன். அவள் உடனே டூம் பிளேட் போட்டு என் சோர்சரரைக் கொன்றுவிட்டாள். ஆளே இல்லை, அப்புறம் யார் சேதம் செய்வது என்று கேட்கிறாள்.

சேதம் நடக்கும். அட்டையில் ஒரு முக்காற்புள்ளி இருக்கிறதல்லவா, அதற்கு முன்னால் இருப்பது விலை, பின்னால் இருப்பது சரக்கு. நீங்கள் சோர்சரரைச் சரித்ததும் விலை கட்டியாகிவிட்டது. அந்தத் திறன் ஸ்டாக்கில் ஏறிவிட்டது. ஏறிய பிறகு அது தன் காலில் நிற்கும். அதைக் கொடுத்த கிரீச்சர் உயிரோடு இருந்தாலும் ஒன்றுதான், செத்தாலும் ஒன்றுதான். கைச்சாத்திட்டு முடித்த உறுதி, எழுதிக் கொடுத்தவர் மறுநாள் மௌத்தாகிவிட்டார் என்பதற்காகச் செல்லாமல் போகுமா?

உங்கள் நண்பி செய்திருக்க வேண்டியது, நீங்கள் சரிப்பதற்கு முன்பே அதைக் கொல்வது. சோர்சரர் மேசைக்கு வந்த முறையில் அதைச் சரிக்க முடியாது, ஆகவே அவளுக்கு நேரம் இருந்திருக்கும்.

ஒரு விலக்கு. லானோவர் எல்வ்ஸ் மாதிரி மானா (அட்டை போடச் செலவழிக்கும் சக்தி) தரும் திறன்கள் ஸ்டாக்கில் ஏறுவதே இல்லை. அதைச் சரித்ததும் மானா கையில். “நீ சரிக்கும்போதே கொல்கிறேன்” என்று யாரும் நடுவில் நுழைய முடியாது.

சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி, இப்போது ரொறன்ரோ:
நான்தான் அந்த மாமா. போன விடுமுறையில் ஊருக்கு வந்து என் மருமகனுக்கு மேஜிக் பழக்கிவிட்டு வந்தேன். இப்போது அவன் வட்ஸ்அப்பில் நான் சொன்னதெல்லாம் பிழை என்கிறான். மொக் ஃபனாட்டிக் சண்டையில் 1 சேதம் செய்துவிட்டு, அந்தச் சேதம் ஸ்டாக்கில் இருக்கும்போதே தன்னைப் பலிகொடுத்து இன்னொரு 1 சேதம் செய்யலாம். நான் கல்லூரியில் படித்த காலத்தில் இப்படித்தான் எத்தனையோ ஆட்டம் வென்றேன்.

ஐயா, நீங்கள் வென்றதெல்லாம் நியாயமான வெற்றிதான். அந்தக் காலத்து விதி அப்படியே இருந்தது. சண்டைச் சேதமும் ஸ்டாக்கில் ஏறும், ஏறிய பிறகு கிரீச்சரைப் பலிகொடுத்தாலும் அந்தச் சேதம் நடக்கும். 1/1 ஃபனாட்டிக் ஒரு 2/2 கரடியைத் தனியாகவே முடித்துவிடும்.

2009இல் மேஜிக் 2010 என்ற தொகுப்போடு அது போய்விட்டது. இப்போது சண்டைச் சேதம் ஸ்டாக்கில் ஏறாமல் நேராக நடக்கிறது. நடந்த கையோடு, யாருக்கும் அட்டை போட வாய்ப்பு வருவதற்கு முன்பே, விளையாட்டு ஒரு சோதனை செய்கிறது. தாங்கும் பலத்துக்குச் சேதம் நிறைந்த கிரீச்சர்கள் எல்லாம் அப்போதே போய்விடும். ஆகவே ஃபனாட்டிக் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். சேதத்துக்கு முன் தன்னைப் பலிகொடுத்து 1 சேதம், அல்லது சண்டையில் நின்று 1 சேதம். இரண்டும் சேர்த்து இல்லை. எனக்கும் அந்தப் பழைய தந்திரம் போனதில் வருத்தம்தான், என்ன செய்வது.

மருமகனிடம் இன்னும் அடி வாங்காமலிருக்க வேறு சில மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். செலவழிக்காத மானாவுக்கு உயிர்ப்புள்ளி குறைகிற மானா பர்ன் அதே 2009இல் எடுக்கப்பட்டது. ஒரே பெயருள்ள லெஜண்டரி கிரீச்சர் இரண்டு பேரிடமும் இருந்தால் இரண்டும் அழியும் என்ற விதி 2013இல் மாறியது. இப்போது ஆளுக்கொன்று வைத்திருக்கலாம், ஒருவரே இரண்டு வைத்திருந்தால்தான் ஒன்றை விட வேண்டும். பல கிரீச்சர்கள் சேர்ந்து தடுக்கும்போது அவற்றை வரிசைப்படுத்தி அந்த வரிசையில்தான் சேதம் கொடுக்க வேண்டும் என்பதும் 2024இல் ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்போடு போய்விட்டது. அடிப்பவர் விரும்பியபடி பிரித்துக் கொடுக்கலாம்.

பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த பழைய அட்டைகளில் அச்சடித்திருக்கும் வாசகமும் சில நேரம் செல்லாது. ஓரக்கிள் என்ற பெயரில் ஒவ்வொரு அட்டைக்கும் இன்றைய வாசகத்தை விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வைத்திருக்கிறது. சந்தேகம் வந்தால் அதுதான் மூலப் பிரதி.

திருக்கோவில் வாசகர்:
ஹெக்ஸ்ப்ரூஃப் உள்ள கிரீச்சரை எதிராளியால் ஒன்றும் செய்ய முடியாது என்று வாங்கினேன். ராத் ஆஃப் காட் போட்டு அழித்துவிட்டார்கள்.

அதில் டார்கெட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ராத் ஆஃப் காட் எல்லாக் கிரீச்சரையும் அழி என்கிறது, எதையும் டார்கெட் பண்ணவில்லை. ஹெக்ஸ்ப்ரூஃப் தடுப்பது டார்கெட் பண்ணுவதை மட்டும். டயபாலிக் ஈடிக்ட் என்ற அட்டையும் உங்களைத் தப்ப விடாது. அது டார்கெட் பண்ணுவது கிரீச்சரை அல்ல, உங்களை. நீங்களே ஒரு கிரீச்சரைப் பலிகொடுக்க வேண்டும். மேசையில் அது ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதுதான் போகும்.

பிளாக் நைட்டின் விஷயமும் இதே. வெள்ளையிடமிருந்து பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறது, ராத் ஆஃப் காட் வெள்ளை அட்டை, ஆனாலும் சாகும். இந்தப் பாதுகாப்பு நான்கு விஷயத்துக்குத்தான்: அந்த நிறத்திலிருந்து வரும் சேதம், அந்த நிற ஆரா முதலியவை ஒட்டுவது, அந்த நிறக் கிரீச்சர் தடுப்பது, அந்த நிறம் டார்கெட் பண்ணுவது. அழிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதே நைட் மேல் எல்லாக் கிரீச்சருக்கும் சேதம் செய்யும் ஒரு வெள்ளை அட்டை வந்திருந்தால் தப்பியிருக்கும்.

மட்டக்களப்பு, புளியந்தீவு:
எங்கள் கூட்டத்தில் இதனால் இரண்டு பேர் கதைப்பதில்லை. என் டார்மொகாய்ஃப் 2/3 ஆக இருந்தது. நண்பன் லைட்னிங் போல்ட் போட்டான். மூன்றுக்கு மூன்று, செத்தது என்று எடுக்கப் போனான். சாகவில்லை என்று நான் சொன்னேன். ஏன் என்று எனக்கே விளக்கத் தெரியவில்லை, எங்கேயோ கேட்ட ஞாபகம்.

கேட்ட ஞாபகம் சரி. இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2007இல் ஃபியூச்சர் சைட் தொகுப்பில் வந்த அட்டை டார்மொகாய்ஃப். அதற்குச் சொந்தமாக எண் கிடையாது. எல்லாருடைய கிரேவ்யார்டுகளையும் சேர்த்துப் பார்த்து, அங்கே எத்தனை வகை அட்டை கிடக்கிறதோ அதுதான் அடிக்கும் பலம். அதோடு ஒன்று கூட்டினால் தாங்கும் பலம். எத்தனை அட்டை என்பது கணக்கில்லை, எத்தனை வகை என்பதே கணக்கு. உங்களுடையது 2/3 என்றால் இரண்டு வகை கிடந்திருக்கிறது. கடிதத்தில் நீங்கள் எழுதியபடி உங்கள் கிரேவ்யார்டில் ஒரு லேண்டும் (மானா தரும் நில அட்டை) ஒரு கிரீச்சரும், நண்பனுடையது வெறுமை.

இப்போது போல்ட் நடக்கிறது. முதலில் அதில் எழுதியபடி 3 சேதம். இந்த இடத்தில்தான் உங்கள் நண்பன் கையை நீட்டிவிட்டார். போல்ட்டின் வேலை இன்னும் முடியவில்லை. போல்ட் ஒரு இன்ஸ்டன்ட், அதாவது யாருடைய முறையிலும் போடக்கூடிய, ஒரு தடவை மட்டும் வேலை செய்யும் அட்டை; அது தன் வேலையின் கடைசிப் பகுதியாகத் தானும் கிரேவ்யார்டுக்குப் போகிறது. யார் செத்தார் யார் பிழைத்தார் என்று பார்க்கும் சோதனை அதற்குப் பிறகுதான். விதிப்புத்தகம் ஸ்டேட்-பேஸ்ட் ஆக்‌ஷன்ஸ் என்று சொல்லும் இந்தச் சோதனை, ஒரு அட்டையின் வேலைக்கு நடுவில் ஒருபோதும் வராது. ஒருவருக்கு அடுத்த வாய்ப்புக் கிடைக்கப் போகும் தருணத்தில்தான் வரும்.

அந்தத் தருணத்தில் கிரேவ்யார்டுகளில் என்ன கிடக்கிறது? லேண்ட், கிரீச்சர், புதிதாக வந்த இன்ஸ்டன்ட். மூன்று வகை. டார்மொகாய்ஃப் இப்போது 3/4, அதன் மேல் 3 சேதம். பிழைத்துவிட்டது. அதைக் கொல்ல வந்த போல்ட்டே அதைக் காப்பாற்றியிருக்கிறது. ஏற்கெனவே யாருடைய கிரேவ்யார்டிலாவது ஒரு இன்ஸ்டன்ட் கிடந்திருந்தால் இது நடந்திருக்காது, ஏனென்றால் போல்ட் புது வகை எதையும் சேர்த்திருக்காது.

நண்பனுக்கு ஒரு ஆறுதலும் தருகிறேன். அந்த 3 சேதம் முறை முடியும்வரை டார்மொகாய்ஃப் மேலேயே இருக்கும். அவரிடம் டோர்மொட்ஸ் கிரிப்ட் இருந்தால், அதைச் சரித்துப் பலிகொடுத்து உங்கள் கிரேவ்யார்டை முழுதாக நீக்கலாம். இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிரிப்ட் ஒரு ஆர்டிஃபாக்ட். பலிகொடுத்ததும் அது நண்பனின் கிரேவ்யார்டில் போய் விழுவதால் நான்கு வகை, டார்மொகாய்ஃப் ஒரு கணம் 4/5 ஆக வளரும். பிறகு கிரிப்ட்டின் திறன் நடந்து உங்கள் லேண்டும் கிரீச்சரும் நீங்கும். மிஞ்சுவது நண்பன் பக்கத்து இன்ஸ்டன்ட்டும் ஆர்டிஃபாக்ட்டும். 2/3, மேலே 3 சேதம். அடுத்த சோதனையில் செத்துவிடும்.

ஆக அன்றைக்கு நீங்கள் சொன்னதே சரி. கிரிப்ட்டோடு வந்திருந்தால் அவர் வென்றிருப்பார். இரண்டு பேரும் இனிக் கதைக்கலாம். உங்கள் டார்மொகாய்ஃப் பேனையால் எழுதிய நகல் என்று கடிதத்தின் ஓரத்தில் வெட்கத்தோடு குறித்திருக்கிறீர்கள். வீட்டு ஆட்டத்தில் எதிரில் இருப்பவர் சம்மதித்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட போட்டிக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

அக்கரைப்பற்று, ஒரு தந்தை:
மகன் இரவு பகலாக அட்டையோடு இருக்கிறான். அட்டை விளையாட்டு என்றால் சூதுதானே? எது வரும் என்று தெரியாத பொதிக்குக் காசு கொடுப்பது அதைவிட மோசமில்லையா?

மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை, அதை உரியவர்களிடம் கேளுங்கள். விளையாட்டைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் மேஜிக்கில் ஆன்டே என்று ஒரு ஏற்பாடு இருந்தது உண்மை. ஆளுக்கொரு அட்டையைப் பந்தயமாக வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். அது வழக்கொழிந்துவிட்டது. ஆன்டே பற்றிப் பேசும் அட்டைகள் அங்கீகரிக்கப்பட்ட எல்லா ஆட்ட வகைகளிலும் தடை. உங்கள் மகனும் நண்பர்களும் காசோ அட்டையோ பந்தயம் வைக்காதவரை தோற்றவர் எதையும் இழப்பதில்லை.

பொதி பற்றிக் கேட்டதில் நான் உங்கள் பக்கம். அரிய அட்டை வரும் என்று பொதி பொதியாக உடைப்பதில்தான் பிள்ளைகளின் காசு கரைகிறது. மகனிடம் இரண்டு வழி சொல்லுங்கள். வேண்டிய அட்டையைத் தனியாக விலை கேட்டு வாங்கலாம். அல்லது உள்ளே என்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்த, தயாராகக் கட்டிய தொகுதியை வாங்கலாம். கமாண்டர் ஆட்டத்துக்கு 100 அட்டைத் தொகுதி அப்படிக் கிடைக்கிறது. ஒன்றை வைத்து நீண்ட காலம் ஆடலாம். இரவு பகலாக என்பதற்கு என்னிடம் மருந்தில்லை.

வாழைச்சேனை வாசகர்:
நண்பன் ஆப்லிவியன் ரிங் போட்டு என் சர்ரா ஏஞ்சலை நீக்கப் பார்த்தான். அது நடப்பதற்குள் நாச்சுரலைஸ் போட்டு ரிங்கை உடைத்துவிட்டேன். ஏஞ்சல் தப்பியது என்று சந்தோஷப்பட்டால், இனி ஒருநாளும் திரும்பாது என்று சிரிக்கிறான்.

அவர் சிரிப்பது சரிதான். ஆப்லிவியன் ரிங்கில் இரண்டு தனித்தனி வசனம் இருக்கிறது. ரிங் வரும்போது ஒன்றை நீக்கு. ரிங் போகும்போது நீக்கியதைத் திருப்பிக் கொடு. முதல் வசனம் ஸ்டாக்கில் காத்திருக்கும்போதே நீங்கள் ரிங்கை உடைத்தீர்கள். உடைந்ததும் இரண்டாவது வசனம் அதற்கு மேலே ஏறி முதலில் நடந்துவிட்டது. திருப்பிக் கொடுக்க அப்போது ஒன்றுமே இல்லை. பிறகு கீழே இருந்த முதல் வசனம் நடந்து ஏஞ்சலை நீக்கியது. திருப்பிக் கொடுக்கும் வசனம் ஏற்கெனவே செலவாகிவிட்டது.

ஏஞ்சல் போகும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகு நாச்சுரலைஸ் போட்டிருந்தால் திரும்பி வந்திருக்கும்.

2014இல் வந்த பானிஷிங் லைட்டில் இந்தப் பொறி இல்லை. அதில் ஒரே வசனம்தான்: இது மேசையை விட்டுப் போகும்வரை அதை நீக்கு. நீக்குவதற்கு முன்பே லைட் போய்விட்டால் எதுவும் நீங்காது. இரண்டும் ஒரே அட்டை மாதிரித் தெரிந்தாலும் வசனத்தை வாசித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சம்மாந்துறை: டிராம்பிளும் டெத்டச்சும் சேர்ந்தால்?
டிராம்பிள் என்றால், தடுத்த கிரீச்சரைக் கொல்லப் போதுமானது போக மிச்சச் சேதம் எதிராளிக்கே போகும். 6/6 கிரீச்சருக்கு இரண்டும் இருந்து, 4/4 ஏஞ்சல் தடுத்தால், ஏஞ்சலுக்கு 1 போதும், மிச்சம் 5 ஆளுக்கு. டெத்டச் உள்ளபோது ஒரு சேதமே கொல்லும் சேதம் என்று விதி கணக்கெடுக்கிறது. பாசிலிஸ்க் காலர் மாட்டியிருந்தால் லைஃப்லிங்க்கும் சேரும், செய்த சேதத்தின் அளவுக்கு உங்கள் உயிர்ப்புள்ளி 6 கூடும்.

கல்குடா: ஃபாயில் அட்டைகள் வாழையிலைச் சருகு மாதிரி வளைகின்றன. இதை வைத்து விளையாடலாமா?
கரையோர ஈரக்காற்றில் அப்படித்தான். காகிதம் ஈரத்தை உறிஞ்சும், மேலே உள்ள பளபளப்புத் தாள் உறிஞ்சாது, ஆகவே வளைகிறது. வீட்டில் விளையாடலாம். போட்டியில் சிக்கல், ஏனென்றால் குப்புற வைத்த கட்டிலும் எது ஃபாயில் என்று தெரிந்துவிடும். அது குறியிட்ட அட்டையாகக் கணக்காகும். உறை போட்டு, மூடி இறுகும் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பைக்கற்றோடு வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காந்தி பூங்காவில் அட்டை பரப்புவோருக்கும் உறை போடாவிட்டால் பறக்கும் அட்டையைத் தேடி ஓடுவதுதான் வேலை.

ஆரையம்பதி வாசகர்:
இருவருக்கும் ஒவ்வொரு உயிர்ப்புள்ளி. இருவரிடமும் பிளட் ஆர்டிஸ்ட். என் முறை. அவனுடைய ஒரு கிரீச்சர் மேல் டூம் பிளேட் போட்டேன், அது செத்தது. என் பிளட் ஆர்டிஸ்டால் அவன் ஒரு உயிர்ப்புள்ளி இழக்க வேண்டும், நான்தானே வெல்ல வேண்டும்? அவன் தன்னுடையதும் வேலை செய்யும் என்கிறான். சமநிலை என்று முடித்தோம்.

சமநிலை இல்லை, அவர் வென்றுவிட்டார்.

எந்தக் கிரீச்சர் செத்தாலும் பிளட் ஆர்டிஸ்ட் வேலை செய்யும். ஒருவர் ஒரு உயிர்ப்புள்ளி இழப்பார், அட்டைக்காரருக்கு ஒன்று கூடும். இரண்டு பிளட் ஆர்டிஸ்டும் ஒரே சாவைப் பார்த்தன, இரண்டின் திறனும் ஒரே நேரத்தில் எழுந்தன. அப்போது யாருடையது ஸ்டாக்கில் முதலில் ஏறும்? யாருடைய முறை நடக்கிறதோ அவருடையது முதலில், மற்றவருடையது அதற்கு மேலே. உங்கள் முறை என்பதால் உங்களுடையது அடியில். மேலே இருக்கும் அவருடையது முதலில் நடந்து, உங்களிடம் இருந்த ஒரே உயிர்ப்புள்ளியைக் கொண்டுபோகும். உங்களுடையது நடக்கும் நேரத்துக்கு ஆட்டமே இல்லை.

டூம் பிளேட் இன்ஸ்டன்ட், அதை யாருடைய முறையிலும் போடலாம். முறையை அவரிடம் விட்டுக் கொடுத்து, அவருடைய முறை தொடங்கியதும் அதே கிரீச்சர் மேல் அதைப் போட்டிருந்தால், அவருடையது அடியில் போயிருக்கும், உங்களுடையது மேலே இருந்திருக்கும்.